பொட்டு வச்ச ஐநூறு

அந்தப் பை மேல காலை வச்சிராதீங்க தம்பி. சித்தெ நகந்துக்குங்க, நான் மடியிலயே எடுத்து வச்சுக்கறேன். மஞ்சப்பைதானேன்னு பாக்கறீங்க. உள்ள இருக்கறது பூராப் பணமுங்க.

ஏன் தம்பி, மெதுவாப் பேசச் சொல்றீங்க? திருடனுக்குப் பயந்துக்கிட்டா? எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. நாளைக்கே என்னையத் தேடிப் புடிச்சுத் திருப்பிக் குடுத்துட்டுப் போவான். அத்தனையும் கிழிசலுங்க. மூலை போனது, நடுவுல பொளந்தது, கரையான் அரிச்சது, சாயத்துல முங்கினது, நம்பர் அழிஞ்சது. இதை மாத்தறதுக்குத்தான் மெட்ராஸ் போறேன். ஈரோட்டுல ரயிலு. மாப்பிள்ளை டிக்கெட் எடுத்துக் குடுத்திருக்காரு, அவருக்குப் பேங்குல வேல. "மாமா, இந்த நெலமையில இருக்கற நோட்டையெல்லாம் பெரிய பேங்குக்கே எடுத்துட்டுப் போயிருங்க. அவங்க பாத்துச் சிலதுக்கு முழுசாக் குடுப்பாங்க, சிலதுக்குப் பாதி, சிலதுக்கு ஒண்ணுமே கெடைக்காது"ன்னாரு. அந்த ஒண்ணுமே கெடைக்காத நோட்டை என்ன பண்ணுவாங்கன்னு கேட்டேன். பொடியா நறுக்கி, அழுத்திக் கட்டியாக்கி வித்துருவாங்களாம், வாங்கறவங்க அடுப்பெரிப்பாங்களாம். பணத்தைப் போயி யாராவது அடுப்புல வைப்பாங்களா தம்பி?

இந்தப் பை மாறி வந்தாத்தான் நான் சம்பந்தி வீட்டு வாசப்படியை மிதிக்க முடியும். மக கல்யாணத்தன்னைக்கே சம்பந்திகிட்டக் கை நீட்டிக் கடன் வாங்கினவன் நான். இந்தக் காங்கேயம் சுத்துவட்டாரத்துல வேற எவனுக்காவது அந்தக் கதி வந்திருக்குதுங்களா? வேற பணம் இல்லையான்னு கேப்பீங்க. இருக்குதுங்க. ஆனா அது நல்ல பணம். நல்ல பணத்தை எடுத்து யாராவது கடனுக்குக் குடுப்பாங்களா?

டிக்கெட்டா? கண்டக்டர் அங்க பின்னால கூட்டத்துல மாட்டிக்கிட்டு நிக்கறாரு, வரட்டும். வழிச்செலவுக்கு எம்மக கோகிலா கவர்ல போட்டுக் குடுத்திருக்கா. மறுவீட்டுக்கு வந்தவ, காலையில நான் கெளம்பறப்ப ஓடியாந்து, "அப்பா, வழிச்செலவுக்கு வச்சுக்குங்க, போறப்பத் தொறந்து பாருங்க"ன்னு சட்டைப் பையில வச்சா. கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க எனக்கு. பெத்தவனுக்கு வழிச்செலவு குடுக்கற புள்ள இந்தக் காலத்துல எங்க இருக்குது? உடனே என் பாக்கெட்டுல இருந்த பணத்தை எடுத்து பீரோவுல வச்சுப் பூட்டிட்டு வந்துட்டேன். சும்மா வந்த பணம் இருக்கறப்ப நம்ம பணம் எதுக்குங்க?

எம்பேரு சென்னியப்பன். தேங்காய்க் களம் வச்சிருக்கறேன். காய் வாங்கி, உடச்சுக் காய வச்சு, பருப்பெடுத்து எண்ணெய் மில்லுக்குப் போடறது. களத்துல ஆளுங்க நெறய. பொம்பளைங்கதான் அதிகம். சனிக்கெழமை கூலி. அந்தக் கூலியிலதானுங்க எல்லாம் ஆரம்பிச்சுது.

பஸ் ஸ்டாண்டுல லோகுன்னு ஒருத்தன். குடையை விரிச்சு, "கிழிந்த நோட்டு மாற்றித் தரப்படும்"னு அட்டையைத் தொங்க விட்டுட்டு உக்காந்திருப்பான். நூறு ரூபா நோட்டைக் கொண்டு போனீங்கன்னா எழுவது ரூபா குடுப்பான். நான் ஒருநாள் கேட்டேன், "ஏன்டா லோகு, இத்தனையும் வாங்கி நீ என்னடா பண்ணுவ?"ன்னு. "பேங்குக்காரங்க பாதியத் திருப்பி அனுப்பிச்சுடறாங்கண்ணா, தொல்லையா இருக்குது"ன்னான். பாவமா இருந்துச்சு. எனக்கு எளகின மனசுங்க. "நூறை எம்பதுக்குக் குடு, நான் எடுத்துக்கறேன்"னேன். அந்த வாரத்துல இருந்து சனிக்கெழமையானாக் களத்தாளுங்களுக்கு அந்த நோட்டுத்தான் கூலி.

மொகத்தை ஏன் சுளிக்கறீங்க? நீங்களே நெனச்சுப் பாருங்க. அழுக்கு நோட்டை ஒழிக்க கவர்மெண்டு எவ்வளவு செலவு பண்ணுது! மிசினு, ஆளு, லாரி, போலீஸ் காவலு. நான் ஒத்தைப் பைசாச் செலவில்லாம நாட்டுக்கு அதைப் பண்ணிட்டிருந்தேன். ஆபீஸ் ரூம்புல போர்டே எழுதி வச்சிருக்கறேன். "பணத்தைப் பார்த்து வாங்கவும், வாங்கிய பின் குறை சொல்லக் கூடாது". பாத்துத்தான் வாங்குவாங்க. பாத்துட்டு என்னையப் பாப்பாங்க. நான் மேல விட்டத்தைப் பாத்துக்குவேன். அவங்களும் மடியில முடிஞ்சுக்கிட்டுப் போயிருவாங்க. ஒருத்தராவது வாயத் தொறந்திருப்பாங்களா? அத்தனை விசுவாசமுங்க.

எளவட்டப் பசங்க ரெண்டு பேரு, "போன்ல போட்டு விட்டுருங்க மொதலாளி"ன்னு கேட்டானுங்க. போன்ல போட்டாக் கிழிசலை எப்படிங்க போடறது? அதனாலதான் நான் இன்னும் பட்டன் போனே வச்சிருக்கறேன்.

அவங்க அந்த நோட்டை எங்க மாத்துவாங்கன்னு கேக்கறீங்களா? லோகுகிட்டத்தான். எழுவதுக்குக் குடுத்துட்டுப் போவாங்க. அடுத்த சனிக்கெழமை நான் போயி எம்பதுக்கு எடுத்துட்டு வருவேன். அதே நோட்டுங்க! பாத்ததும் அடையாளம் தெரிஞ்சுரும். மஞ்சத்தண்ணி கொட்டின இருவது, பீடி சுட்ட அம்பது, "செல்வி ஐ லவ் யூ"ன்னு எவனோ எழுதின நூறு. ஊருக்குப் போயிட்டு வந்த ஒறம்பரைச் சொந்தமாட்டத் திரும்பத் திரும்ப வந்து நிக்கும். சில நோட்டுங்க மேல எனக்குப் பாசமே வந்துருச்சு.

அந்த நோட்டுக்கெல்லாம் வைத்தியம் பாத்ததே எங்க கோகிலாதானுங்க. பள்ளிக்கூடத்துல படிக்கறப்ப இருந்து சனிக்கெழமை லீவுன்னா களத்து ஆபீஸ்ல உக்கார வச்சிருவேன். சோத்துக் கஞ்சிப் பசை, மெல்லீசுத் தாளு. ஒட்டினதே தெரியாம ஒட்டுவா. ஐநூறு ரூபா நோட்டு ஒண்ணுல நடுவால ஓட்டை, ஒரு மூலையும் இல்ல. அவ என்ன பண்ணினா தெரியுமுங்களா? தன் நெத்தியில இருந்த செவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த ஓட்டை மேல ஒட்டிட்டா. அத்தனை புத்தி! ஒருதரம் கேட்டா, "அப்பா, நீங்க எம்பதுக்கு வாங்கி நாச்சாக்காவுக்கு நூறுன்னு குடுக்கறீங்க. நாச்சாக்கா அதை எழுவதுக்கு மாத்தறாங்க. அப்ப நாச்சாக்காவோட கூலி நெசத்துல எவ்வளவுப்பா?"ன்னு. கணக்குப் பாடத்துல இப்படி ஆர்வம் வந்துருச்சேன்னு எனக்கு ஒரே சந்தோசம். வாத்தியாரைக் கேளு கண்ணுன்னு சொல்லிட்டேன்.

நாச்சான்னா நாச்சம்மா. களத்துல காய் உடைக்கற பொம்பள. அருவாள்ல ஒரே போடு, காய் ரெண்டாப் பொளக்கும், ஒரு சில்லுத் தெறிக்காது. புருசன் கெடையாது, ஒத்தப் பையன். அந்தப் பொட்டு வச்ச ஐநூறு அவளுக்குத்தான் போச்சுங்க. அடுத்தநாள் ஞாயித்துக்கெழமை, லோகு கடை கெடையாது. அன்னைக்குன்னு பார்த்துப் பையனுக்குக் காய்ச்சல். ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு பையனைத் தூக்கிட்டு, இதோ இதே ரோட்டுல, இப்படி ஒரு பஸ்ஸுல ஏறியிருக்கறா. கண்டக்டர் நோட்டை விரிச்சுப் பாத்துட்டு வேணாம்னுட்டாரு. இவ, "பணமில்லாம ஏறலீங்கண்ணா, இருக்குதுங்க, நல்லாப் பாருங்க"ன்னு கையத் தூக்கித் தூக்கிக் காட்டியிருக்கறா. நத்தக்காடையூரு தாண்டி எறக்கி விட்டுட்டாங்களாம். புள்ளையத் தோள்ல போட்டுட்டு நடந்திருக்கறா. அப்பறம் ஏதோ டெம்போக்காரன் ஏத்திட்டுப் போனானாம்.

பையனுக்கு ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கறான். காய்ச்சல் தலைக்கேறி ஒரு காது மட்டும் போச்சு. இன்னொண்ணு இருக்குதுல்ல. திங்கக்கெழமை வந்து நின்னு அழுதா. நான் என்னங்க பண்ணுவேன்? கண்டக்டர் பண்ணின தப்புக்கு நானா பொறுப்பு? இருந்தாலும் மனசு கேக்காம அன்னைக்கு அவளுக்கு லீவு குடுத்து அனுப்பிச்சேன். கூலியப் புடிச்சுக்கிட்டேன், அது வேற. கோகிலாதான் அன்னைக்குப் பூராச் சாப்புடல. பொட்டு ஒட்டினது சரியா ஒட்டலையேன்னு வருத்தமா இருக்கும் போல. அதுல இருந்து அவ நோட்டு ஒட்டறதையே விட்டுட்டா.

சரி, கல்யாணத்துக்கு வாரேன். நெறய ஜாதகம் வந்துச்சு. பேங்குல வேலைன்னதும் இந்த எடத்தை நான் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். ஏன்னு நீங்களே புரிஞ்சுக்கிட்டிருப்பீங்க. பொண்ணு பாக்க வந்தன்னைக்கே மாப்பிள்ளையத் தனியாக் கூப்புட்டு, "கிழிஞ்ச நோட்டெல்லாம் உள்ளுக்குள்ள மாத்திக்கலாமுங்களா மாப்பிள்ளை?"ன்னு கேட்டேன். நான் வெளையாடறேன்னு நெனச்சுச் சிரிச்சாரு. கோகிலா சிரிக்கல.

பத்திரிகை வைக்கறதுக்குக் களத்தாளுங்க வீட்டுக்கு நான் போக மாட்டேன்னுட்டேன். கோகிலாவே போனா. ஒவ்வொரு வீடா, தட்டுல வெத்தலை பாக்கு வச்சுட்டு. நாச்சா வீட்டுல ரொம்ப நேரம் உக்காந்து பேசிட்டு வந்தாளாம். கல்யாணப் பொண்ணு வேலைக்காரங்களை இப்படி மதிக்கறாளேன்னு ஊரே பேசுச்சு. வளத்த வளப்பு அப்படி.

மொய் வைக்கறப்ப மைக்குல படிக்கறது எங்க பக்கம் வழக்கமில்லீங்க. மதுரைப் பக்கம் ஒரு விசேசத்துல பாத்தேன். பேரும் தொகையும் மைக்குல சொன்னா, நூறு வைக்க வந்தவனும் கூச்சப்பட்டுக்கிட்டு ஐநூறா வைக்கறான். அடடா, நல்ல ஏற்பாடா இருக்குதேன்னு நம்ம மண்டபத்துலயும் வச்சேன். டேபிள்ல உக்கார எம்மச்சானைச் சொன்னேன். கோகிலாதான், "வேணாம்ப்பா, பேங்குல அவரு கூட வேலை பாக்கற ரெஜினா அக்கா உக்காரட்டும். கேஷியரு, ஒரு ரூவாத் தப்பாது"ன்னா. பாருங்க, கல்யாண மேடைக்குப் போற அன்னைக்கும் அப்பன் பணத்து மேல அக்கறை.

முகூர்த்தம் முடிஞ்சுது. ஒறம்பரை கொஞ்ச பேரு மொய் வச்சாங்க. அப்பறம் களத்தாளுங்க வரிசையா வந்தாங்க தம்பி. எல்லாரும் நோம்பி நாளுக்குக் கட்டற நல்ல சேலை, தலை நெறயப் பூ. முன்னால நாச்சா, கையில பையன். என் சம்பந்தி பக்கத்துல உக்காந்திருந்தாரு. "ஆளுங்க இத்தனை பேரு வந்திருக்கறாங்களே சம்பந்தி!"ன்னாரு. நான், "நம்ம மேல உசுருங்க அவங்களுக்கு"ன்னு சொல்லி வாயை மூடல.

மைக்குல அந்த ரெஜினாப் புள்ளை கணீர்னு படிக்குது. "களம் நாச்சம்மா, ஐநூறு ரூபாய்." மண்டபமே திரும்பிப் பாக்குது. எனக்கு மார்பு விரியுது. அந்தப் புள்ளை நோட்டை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு மேல படிக்குது. "நடுவில் துளை, துளை மேல் பொட்டு, வலது மூலை இல்லை." பேங்குப் பழக்கமுங்க அது. அடுத்து, "களம் ராக்கம்மா, நூறு ரூபாய். இரண்டு துண்டு, கஞ்சிப் பசையால் ஒட்டியது." அடுத்து, "களம் வேலாத்தா, நூறு ரூபாய், செல்வி ஐ லவ் யூ." மண்டபம் பூராச் சிரிப்பு. ஒவ்வொண்ணும் எனக்குத் தெரிஞ்ச நோட்டுங்க! மஞ்சத்தண்ணி இருவது வருது, பீடி சுட்ட அம்பது வருது. நான் எந்திரிச்சு ஓடறேன், வேட்டி தடுக்குது, "மைக்கை அணைங்கடா"ன்னு கத்தறேன். மைக்செட்டுக்காரன் காதுல வாங்கவே இல்ல. அவனுக்கும் அட்வான்ஸ் நான் கிழிசலாத்தான் குடுத்திருந்தேன்.

நாச்சாகிட்டப் போயி, "என்ன நாச்சா இது?"ன்னேன். அவ மைக்குக்குப் பக்கத்துலயே நின்னுட்டு, "எல்லாம் உங்க கையால வந்ததுங்க மொதலாளி. செலவு பண்ண எங்கயும் எடம் கெடைக்கல. பாப்பா கல்யாணத்துக்காச்சும் ஆகட்டும்னு லோகுகிட்டப் போகாம எல்லாரும் சேத்து வச்சமுங்க"ன்னா. கையெடுத்துக் கும்புட்டுட்டுத்தான் சொன்னா. மரியாதையாத்தானுங்க சொன்னா. ஆனா சனங்க கை தட்டினாங்க. அது எதுக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல.

அதோட முடிஞ்சுதுன்னு நெனக்கறீங்களா? வேடிக்கை பாத்துட்டிருந்த பால்காரர் சட்டைப் பையைத் துழாவறாரு. டீக்கடைக்காரர் வீட்டுக்கு ஆள் அனுப்பறாரு. எங்க பெரிய மச்சான், என் சொந்த மச்சானுங்க, பர்ஸோட கடைசி மடிப்புல இருந்து ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு வரிசையில நிக்கறாரு. எப்பவோ நான் குடுத்ததாம். ஊருல இருந்த கிழிசல் பூரா அன்னைக்கு என் மண்டபத்துக்கு வந்து சேந்துருச்சு தம்பி.

சாயங்காலம் சமையல்காரர் பாத்திரத்தை வண்டியில ஏத்திட்டுக் கணக்கு முடிக்க வந்து நின்னாரு. மொய்ப் பணத்துல குடுத்துக்கலாம்னு நான் வேற எடுத்துட்டே வரல. நல்லதா வந்தது மண்டபத்து வாடகைக்கே போயிருச்சு. மிச்சத்தை நீட்டினேன். "ஏனுங்க, நான் போட்ட சாப்பாடு நல்லாத்தான இருந்துச்சு?"ன்னு கேட்டாரு. சம்பந்தி பையைத் தொறந்து, மடிப்புக் கலையாத புது நோட்டா எண்ணிக் குடுத்தாரு. அந்த நோட்டு சரசரன்னு சத்தம் போட்டதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். அவமானமுங்க. கூனிக் குறுகிப் போயிட்டேன்.

இதுல இன்னொரு கொடுமை இருக்குது. மொய் வாங்கினாத் திருப்பி வைக்கோணுமில்ல? ஐநூறு வாங்கினா ஐநூத்தி ஒண்ணாவது வைக்கோணும். இப்பக் களத்தாளுங்க வரிசையாப் பத்திரிகையோட வாராங்க. ஒருத்தி வீட்டுல காதுகுத்து, ஒருத்தி வீட்டுல புள்ளை பெரியவளான சீரு, ஒருத்தி ஆட்டுக்கொட்டாய்க்குப் புதுசாக் கூரை போட்டிருக்கறாளாம், அதுக்கு ஒரு விசேசம். எல்லா எடத்துலயும் மைக் வைக்கறாங்க. ரெஜினாவைக் கூட்டிட்டு வரப் போறாங்களாம். நான் நல்ல நோட்டு வைக்காம இருக்க முடியுமா? நன்றி கெட்ட சனங்க தம்பி. எத்தனை வருசம் கூலி குடுத்தவன் நான்!

மாறலீன்னா இந்தப் பையும் போச்சு, சம்பந்தி முன்னால மொகமும் போச்சு. நேத்துக் கோகிலாதான் கூட உக்காந்து எடுத்து அடுக்கினா. அந்தப் பொட்டு வச்ச ஐநூறு மட்டும் காணோம். எல்லாத்துலயும் பெரிய நோட்டு அது. "எங்கயாவது இருக்கும்ப்பா, உங்களை விட்டு எங்க போயிரும்"னா. பாசமான புள்ள.

கண்டக்டர் வந்துட்டாருங்க. இருங்க, கவரைப் பிரிக்கறேன். மல்லிகைப்பூ வாசம் வருது பாருங்க. ஈரோடு ஒண்ணு குடுங்க. இந்தாங்க, ஐநூறு.

அட. இது எப்படி இதுக்குள்ள வந்துச்சு?

பொட்டு கூடக் கழலாம இருக்குது. தெரியாம வச்சிருப்பா தம்பி. அவசரத்துல பாத்திருக்க மாட்டா. பாவம், புள்ள.

என்னுங்க கண்டக்டர்? செல்லாதுங்களா? அதெப்படிச் செல்லாமப் போகும், நல்லாப் பாருங்க. மூலைதான் இல்ல. பையில வேற இருக்குது, இருங்க, இந்த நூறைப் பாருங்க, இந்த அம்பதைப் பாருங்க. ஏனுங்க விசிலை எடுக்கறீங்க? தம்பி, உங்ககிட்ட நல்ல நோட்டு இருக்குமுங்களா? இந்த ஐநூறை நீங்க வச்சுக்குங்க, நானூறு குடுத்தாப் போதும். முன்னூத்தம்பது? தம்பி, இத்தனை நேரம் நல்லாத்தானே கேட்டுட்டு வந்தீங்க, இப்ப ஏன் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க?

பணமில்லாம ஏறலீங்கண்ணா, இருக்குதுங்க, நல்லாப் பாருங்க!

சரி, எறங்கறேன், தள்ளாதீங்க. அந்தப் பையைக் குடுங்க தம்பி. எந்த ஊருங்க இது? நத்தக்காடையூரு தாண்டிருச்சா? இங்கிருந்து நாச்சா நடந்தாள்னா அவ சின்ன வயசுக்காரி, கையில புள்ளை மட்டுந்தான் இருந்துச்சு. நான் இத்தனை பெரிய பையத் தூக்கிட்டு எப்படிங்க நடப்பேன்?